பத்தாவது மாத்திரை

நகரி
3-6-2024

மச்சான் நாகபூஷணத்துக்கு,

செவிட்டு மாமன் எழுதறேன். போன்ல நீ கத்தறதும், ஒண்ணும் புரியாம நான் ஆமா ஆமான்னு தலையாட்டறதும் போதும். நாப்பது வருஷம் பவர்லூம் சத்தத்துல நின்ன காது இது. இனிமே எழுத்துதான். நான் அஞ்சாவதோட நின்னவன். எழுத்து கோணலா இருந்தா நீ தலையைச் சாய்ச்சுப் படி.

உங்க அக்கா உன்கிட்ட பேச மாட்டாளாம். போனைக் குடுத்தா கவுத்து வைக்கறா. ஏன்னு உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்றேன். பெரிய மனுஷங்களுக்கு மறதி ஜாஸ்தி.

திருப்பதி பெரியாஸ்பத்திரியில உங்க அக்கா செங்கம்மா நெஞ்சைத் திறந்து வால்வு மாத்தினாங்க இல்ல, அதுக்கு மாத்திரை வாங்கச் சொல்லி நீ மாசாமாசம் பணம் அனுப்பின. அவ அதுல பத்துல ஒண்ணை எடுத்து, தசமபாகம்னு கவர்ல போட்டு, உங்க வரதய்யபாளையம் சர்ச்சுக்கே அனுப்பிட்டா. அங்க கவர் பிரிச்சு எண்றவன் நீ. குதிச்ச. "நான் தசமபாகம் குடுத்துட்டு மிச்சத்துலேர்ந்துதான்கா உனக்கு அனுப்பறேன், அதுக்கு மறுபடி குடுக்க வேணாம், மாத்திரை வாங்கு"ன்ன. அவ இன்னா சொன்னா தெரியுமா? "என் கைக்கு வந்தா அது என் வரும்படி. என் கணக்கை அவன் ஏன் பாக்கறான்?"

வக்கீலாப் பொறந்திருக்க வேண்டியவ. எனக்கு வாக்கப்பட்டுட்டா.

அதனால இனிமே பணம் அனுப்பாத. உன் காசு நகரிக்கு வந்து, ஊரைச் சுத்திப் பாத்துட்டு, உன் மேஜைக்கே திரும்பி வருது. நடுவுல ஸ்டாம்பு செலவு எனக்கு. வேற வழி பாரு.

அறுப்புப் பண்டிகையில காணிக்கைப் பையில வாயு மாத்திரை போட்டு, "பாஸ்டரய்யாவுக்கு, பிரசங்கம் நீண்டா ஒண்ணு போடவும்"னு சீட்டு வெச்சதுக்கு நீ இன்னும் கோவமாக் கீறியாமே. ரெண்டு வருஷம் ஆச்சு. அவரு போட்டாரா இல்லையான்னு மட்டும் சொல்லு.

கோவர்த்தனன்


வரதய்யபாளையம்
11-6-2024

மாமாவுக்கு நாகபூஷணம் வணக்கத்துடன் எழுதுவது.

அக்கா பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பாரம் என்று உங்களுக்குத் தெரியாது. அம்மா போன பிறகு எனக்குச் சோறு ஊட்டியவள் அவள். என் சட்டைக்குப் பொத்தான் தைத்தவள் அவள்.

இனிப் பணம் இல்லை. மாத்திரையாகவே வாங்கிப் பார்சல் அனுப்புகிறேன். மூன்று வகை. அட்டைக்குப் பத்து மாத்திரை. அதில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் சின்ன மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அக்காவுக்கு மறுபடி சொல்லுங்கள். மாத்திரைக்கு யாரும் தசமபாகம் கொடுக்க முடியாது அல்லவா. என் புத்திக்கு எட்டிய வழி இதுதான்.

ஆனால் அக்கா தன் பென்ஷனில் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். பத்தில் ஒன்று எல்லோருக்கும் ஒன்றுதான், அதுதான் அதன் நியாயம். சத்தியவேடு பக்கத்து நிலம் கம்பெனிக்குப் போனபோது எனக்கு வந்ததில் பத்தில் ஒன்றை ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தேன். சபைக்கு மாடி வந்தது அதில்தான். நீ ஏழை, நீ கொடுக்க வேண்டாம் என்று ஒருவரிடம் சொன்னால், அவரைக் கடைசி வரிசைக்கு எழுந்து போகச் சொல்வதற்குச் சமம்.

வாயு மாத்திரை விஷயத்தை இனி எழுதாதீர்கள். எண்ணும் மேஜையில் நாலு பேர் முன்னால் அதைக் கையில் எடுத்தவன் நான். அது என் மாமா வேலை என்று சொல்ல வேண்டியிருந்தவனும் நான்.

நாகபூஷணம்


நகரி
2-7-2024

மச்சான்,

பார்சல் வந்துச்சு. உங்க அக்கா மூணு நாள் முனகினா. "எனக்குக் காசு குடுக்க நம்பிக்கையில்ல, கொழந்தைக்கு பிஸ்கட் குடுக்கற மாதிரி அனுப்பறான்"னா. நாலாம் நாள் கம்முனு ஆயிட்டா. இப்போ மாத்திரையை அவளே எடுத்துப் போட்டுக்கறா, என்னைத் தொட விடறதில்ல. நான் ஏமாத்திட்டு நடுவுல ரெண்டு துன்னுடுவேன்னு பயம் போல.

பத்துல ஒண்ணு எல்லாருக்கும் ஒண்ணுன்னு எழுதியிருந்த. அழகா எழுதியிருந்த, ரெண்டு தடவை படிச்சேன். ஆனா ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கறவன் கூட ஆளைப் பாத்துதான் எடுக்கறான் மச்சான். உன்கிட்ட ஒரு பாட்டில் எடுத்தா நீ ஜூஸ் குடிச்சுட்டு பைக்ல ஏறிப் போயிடுவ. உங்க அக்காகிட்ட எடுத்தா நான் வேற பொண்ணுதான் பாக்கணும். உனக்கு பத்துல ஒண்ணு போனா மிச்சம் ஒம்போதுல வீட்டுக்கு மாடி ஏறுது. எங்களுக்கு பத்துல ஒண்ணு போனா, மாசக் கடைசியில நாலு நாள் கொழம்புல பருப்பைத் தேடணும்.

இதை அவகிட்ட சொன்னேன். "நீ தேடாத, தண்ணியை ஊத்தித் துன்னு"ன்னா.

ஒண்ணு மட்டும் உன் பக்கம் ஒத்துக்கறேன். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை, கவர் குடுத்தவங்க பேரை உங்க சர்ச்சுல வாசிக்கறாங்களே, தொகை சொல்லாம பேரை மட்டும், அது நல்லாக் கீது. பக்கத்து வீட்டு பத்மாவதி போன்ல உங்க ஆராதனை தெரியுதுன்னு, உங்க அக்கா அதை வாங்கி மடியில வெச்சுக்கினு உக்காந்துக்கறா. எனக்குக் காது கேக்காது, அவ மூஞ்சி கேக்கும். உன் பேரை வாசிச்சா சிரிக்கறா. அவ பேரை வாசிச்சா சிரிக்க மாட்டா, முந்தானையைச் சரி பண்ணிக்கறா. லட்சம் குடுத்தவனும் நூறு குடுத்தவளும் ஒரே சத்தத்துல. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பருப்பு போனா போகட்டும்னு விட்டுட்டேன்.

இந்த மாசக் கவர் இதோட கீது. அவளே பசை தடவி ஒட்டிட்டா. நான் பின்பக்கம் மட்டும் "எடை கொறைஞ்சா மிச்சத்தை நாகபூஷணத்துகிட்ட வாங்கிக்கவும்"னு எழுதியிருக்கேன். சிரிச்சுட்டு விடு.

என் நூல் வெட்டற கத்தரிக்கோலைக் காணோம். கேட்டா முறைக்கறா.

கோவர்த்தனன்


வரதய்யபாளையம்
30-7-2024

மாமா,

இந்தத் தடவை பொறுத்துக்கொண்டேன். அக்கா கவரை நானே பிரித்ததால் தப்பித்தேன். மறுபடியும் அதே விளையாட்டு. பாஸ்டரய்யா எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் கையால் மூடி மறைத்துக்கொண்டேன். அவர் பார்த்திருந்தால் இந்த ஞாயிறு அக்கா பேர் வந்திருக்காது.

உங்களுக்கு விசுவாசம் இல்லை என்றால் அது உங்கள் பாடு. ஞானஸ்நானம் எடுத்த அன்றே "தண்ணி மட்டும்தான் பட்டுச்சு" என்று சொன்னவர் நீங்கள். ஆனால் அக்கா வயிற்றைக் கட்டிக் கொடுப்பதைக் கேலிப்பொருள் ஆக்காதீர்கள். இன்னொரு தடவை அந்தக் கவரில் உங்கள் வேலை இருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

நாகபூஷணம்


நகரி
3-8-2024

கோவக்கார மச்சானுக்கு,

ரெண்டு வரிக்கு இவ்வளவு கோவமா? நாட்டுல ஆட்டோ பின்னாடியெல்லாம் இதைவிட மோசமா எழுதியிருக்கான். சரி, போவுது. இந்த மாசக் கவர்ல என் கை படல. சத்தியம். என் சத்தியம் இன்னா விலைக்குப் போவும்னு உனக்குத் தெரியும், இருந்தாலும் வெச்சுக்கோ.

உங்க அக்கா ஒண்ணு கேக்கச் சொன்னா. அதாவது உன்கிட்ட பேசல, என் வழியாக் கேக்கறா, அந்த வித்தியாசத்தை நீ கவனிக்கணுமாம். சர்ச்சுக்கு அரிசி, பருப்புன்னு பொருளா வர்றதை இன்னா செய்யறீங்க? இல்லாதவங்களுக்குத்தானே போவுது? பாஸ்டர் வீட்டுக்குப் போவும்னு நான் சொன்னேன். கரண்டி பறந்து வந்துச்சு. கரண்டி வீசற தெம்பு வந்துடுச்சுன்னு எனக்கு சந்தோஷம்.

காலையில பால் பூத் வரைக்கும் நடக்கறா. கத்தரிக்கோல் இன்னும் வரல.

கோவர்த்தனன்


வரதய்யபாளையம்
27-8-2024

மாமா,

சத்தியம் செய்துவிட்டுமா?

இந்த முறை கவரைப் பிரித்தவர் பாஸ்டரய்யா. மேஜையில் கொட்டியதும் என் பக்கம் திரும்பினார். "இது உங்க மாமா வேலைதானே, நாகபூஷணம்" என்று கேட்டார். இல்லை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? காணிக்கையைப் பரியாசம் செய்யும் வீட்டின் பேரை வாசிக்க முடியாது என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மாடியைக் கட்டிக் கொடுத்தவன் நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாசித்திருப்பார். என் பணத்துக்காக என் அக்காவுக்குச் சலுகை காட்டினார்கள் என்று பேச்சு வந்துவிடும் என்பதால் சொல்லவில்லை.

அக்காவிடம் இது அவள் குற்றம் இல்லை, உங்களால்தான் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், பொருளாக வரும் காணிக்கை எல்லாம் சபையில் இல்லாதவர்களுக்குத்தான் போகிறது.

நாகபூஷணம்


நகரி
5-9-2024

மச்சான்,

அந்த ஞாயித்துக்கிழமையைச் சொல்றேன். உங்க அக்கா பத்மாவதியோட போனை வாங்கி மடியில வெச்சுக்கினு உக்காந்தா. கொஞ்ச நேரத்துல சிரிச்சா. ஓகோ, நாகபூஷணம் வந்துட்டான்னு நினைச்சேன். அப்புறம் முந்தானையில கையை வெச்சா. வெச்ச கை அங்கயே இருந்துச்சு. போன்ல எல்லாரும் எழுந்து பாட ஆரம்பிச்சுட்டாங்க, கை எறங்கல.

உன் லெட்டர் வந்ததும் சொன்னேன். "என்னாலதான்டி, நான் கவர்ல கிறுக்கினேன்னு பாஸ்டருக்குக் கோவம்"னேன். நம்பல. "நீ இன்னா அவ்ளோ பெரிய ஆளா? உன் கிறுக்கலுக்காக ஆண்டவர் என் பேரை விட்டுடுவாரா? நான்தான் கொறைச்சுட்டேன்"னா. இன்னாத்தைக் கொறைச்சேன்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கறா. இல்லாதவங்களுக்குத்தான் போவுதாம்னு நீ எழுதினதைச் சொன்னேன். அதுக்கு மட்டும் தலையை ஆட்டினா.

நான் அந்தக் கவர்ல ஒரு புள்ளி கூட வெக்கல மச்சான். உங்க பாஸ்டர் பாத்தது இன்னான்னு எனக்குத் தெரியல. பழைய கவரைப் பாத்திருப்பாரு. கண்ணாடி மாத்தச் சொல்லு. நீதான் மாத்திக் குடுக்கணும், அதுல பத்துல ஒண்ணு கழிச்சுக்கோ.

இதுல எனக்கு சிரிப்பு வரலன்னும் எழுதிடறேன். நீ தலையைக் குனிஞ்சுக்கினேன்னு எழுதியிருந்தியே. உன் பணத்துக்காக அவளுக்கு சலுகை வந்துடுமோன்னு பயந்த. உன் பேரை முதல்ல வாசிக்கறது எதுக்காகன்னு யாரும் கேக்கறதில்ல. மாடிக்கு உன் பேரை வெச்சாங்க, அப்போ தலையைக் குனிஞ்சியா? ஏழைக்குக் கிடைச்சா அது சலுகை. உனக்குக் கிடைச்சா ஆசீர்வாதம். உங்க தராசு இதுதான்னா, அந்தத் தட்டுல அவளை ஏத்த வேணாம்.

ஆனா அவ ஏறுவா. இந்த மாசக் கவரும் இதோட கீது. போன மாசத்தைவிட தடிமன். பென்ஷன் அதே பென்ஷன்தான். எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா "என் வரும்படி"ங்கறா.

பால் பூத்துக்குப் போறதில்ல. மூச்சு வாங்குது. வெயில்ங்கறா.

கோவர்த்தனன்


வரதய்யபாளையம்
30-9-2024

மாமா,

மூன்றாவது தடவை. இந்த முறை கை நிறைய. நேற்றும் பேர் வாசிக்கவில்லை. இனிக் கவர் அனுப்ப வேண்டாம் என்று சபை முடிவு செய்திருக்கிறது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் விளையாட்டா என்று தெரியவில்லை. உங்கள் எழுத்தில் எதை நம்புவது என்று எனக்கு இப்போது தெரிவதில்லை. உண்மையானால் உடனே திருப்பதிக்கு அழைத்துப் போங்கள். செலவு என்னுடையது.

நாகபூஷணம்


நகரி
21-10-2024

நாகபூஷணம்,

உன் கடைசி லெட்டர் கதவுக்குக் கீழ கிடந்துச்சு. நாங்க அன்னிக்குத் திருப்பதியில இருந்தோம். சாவு வீட்டுல வந்தவங்க செருப்புக்கெல்லாம் அடியில இருந்திருக்கு. நேத்துதான் பெருக்கறப்போ பாத்தேன்.

நீ வந்து அவ காலைப் புடிச்சுக்கினு அழுத. என்னைக் கட்டிப்புடிச்சுக்கினு அழுத. அப்போ எனக்கு இந்த லெட்டர் தெரியாது. தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னும் தெரியல.

ஆஸ்பத்திரியில டாக்டர் எழுதிக் காட்டினாரு. வால்வுல ரத்தம் உறைஞ்சு, அது தலைக்கு ஏறிடுச்சாம். "மாத்திரையை விட்டாங்களா?"ன்னு எழுதினாரு. இல்லன்னேன். ஒரு நாளும் விடலன்னு அடிச்சு சொன்னேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டாரு.

கத்தரிக்கோல் கிடைச்சுது. அரிசி டின்னுல, அரிசிக்கு மேல, ஒரு துணியில சுத்தி. கூடவே காலி மாத்திரை அட்டை எல்லாம். தூக்கிப் போடாம அடுக்கி வெச்சிருக்கா. ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு மூலை வெட்டியிருக்கு. ஒரு மாத்திரை சைஸுக்கு, நூல் புடிச்ச மாதிரி நேரா. மூணு வகையிலயும் அப்படித்தான். ஆகஸ்டு வரைக்கும் அட்டைக்கு ஒரு மூலை. அதுக்கப்புறம் வந்த அட்டையில ரெண்டு மூலை. சிலதுல மூணு.

நான் அவ கவர் பின்னாடி எழுதினது ஒரே தடவை. ஜூலையில. அதுக்கப்புறம் தொடல.

அந்தக் கவர்ல இன்னா இருந்துச்சு நாகபூஷணம்? மேஜையில கொட்டினப்போ இன்னா விழுந்துச்சு?

கோவர்த்தனன்


வரதய்யபாளையம்
26-10-2024

மாமா,

மாத்திரை.

ஒவ்வொரு கவரிலும் பென்ஷன் பணத்தோடு, அட்டையிலிருந்து வெட்டிய மாத்திரைகள். நீங்கள் பழைய வாயு மாத்திரை வேடிக்கையைத் தொடர்கிறீர்கள் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஜூலையில் வந்ததைக் கையில் மூடி, வெளியே போய்ச் சாக்கடையில் எறிந்தேன். மற்றதைக் குப்பைத் தொட்டியில் போட்டது பாஸ்டரய்யா. என்ன மாத்திரை என்று நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நானே கடையில் நின்று வாங்கி, நானே பார்சல் கட்டிய மாத்திரை, மாமா. ஒரு தடவை பின்பக்கத்தைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

பேர் வராததால் குறைத்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள். அதனால் கூட்டியிருக்கிறாள். உங்கள் செப்டம்பர் கடிதத்தில் அது அப்படியே இருக்கிறது. இப்போது படித்தால் தெரிகிறது.

மாத்திரைக்குத் தசமபாகம் கொடுக்க முடியாது என்று எழுதியவன் நான்.

பாஸ்டரய்யாவிடம் சொன்னேன். சபையில் அக்கா பேரில் ஒரு பளிங்குக் கல் பதிக்கலாம், அல்லது மாடிக்கு என் பேரை எடுத்துவிட்டு அவள் பேரை வைக்கலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு ஆனாலும் செய்கிறேன். உங்களுக்கு எது சரி என்று தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள். நீங்கள் என்னைத் திட்டி எழுதினாலும் படிப்பேன்.

நாகபூஷணம்


நகரி
2-11-2024

மச்சான்,

திட்ட வரல. ஒரு நாள் முழுக்க உக்காந்து பாத்தேன், வரல. உன்னைத் திட்ட ஆரம்பிச்சா பாதியில என் பேரு வந்துடுது. வாயு மாத்திரையைப் போட்டவன் நான்தானே. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லிச் சொல்லி சிரிச்சேன். அவ சிரிக்கல. "காணிக்கைப் பையில மாத்திரை போடலாமா?"ன்னு கேட்டா. திட்டறான்னு நினைச்சேன். நெசமாவே கேட்டிருக்கா.

கல்லு வேணாம். மாடியும் உன் பேர்லயே இருக்கட்டும். நீ எவ்வளவு பெரிய கல்லு வெச்சாலும் அது உன் பத்துல ஒண்ணுக்குள்ளதான் வரும், உன் சோத்துல கை வெக்காது. அவ கடைசியில பத்துல ரெண்டு மூணுன்னு குடுத்தா. அதுவும் எதுலேர்ந்து குடுத்தான்னு பாரு. உங்க சர்ச்சுல அவளைவிட ஜாஸ்தி குடுத்த பணக்காரன் யாரும் இல்ல, நீ உள்பட. இதை கல்லுல எழுதினா உங்க பாஸ்டர் ஒத்துக்குவாரா? மாட்டாரு. விடு.

எனக்கு ஒண்ணு செய். அவ தலகாணி உறைக்குள்ள அக்டோபர் கவர் இருந்துச்சு. ஒட்டி ரெடியா வெச்சிருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்துல அதை அனுப்ப முடியல. நான் பிரிக்கல. விரலால அழுத்தினா உள்ள தெரியுது. இதோட வெச்சிருக்கேன். இதுல என் கை படலன்னு இந்தத் தடவை சத்தியம் பண்ணல.

நீ அதை மேஜையில வெச்சுப் பிரி. பாஸ்டர் பாக்கட்டும். மாத்திரையைக் குப்பையில போடாத. உங்க சர்ச்சுல வால்வு மாத்தினவன், மாத்திரை வாங்க முடியாதவன் எவனாவது இருப்பான். டாக்டரைக் கேட்டுட்டு அவனுக்குக் குடு. இல்லாதவங்களுக்குப் போவுதுன்னுதானே அவ நம்பினா.

அப்புறம் மாசக் கடைசியில பேரை வாசி. பாஸ்டர் வேணாம், நீ வாசி. செத்துட்டான்னு சொல்லாத, எவ்வளவு குடுத்தான்னும் சொல்லாத, அவளுக்குப் பிடிக்காது. எல்லார் பேர் மாதிரி பேரை மட்டும்.

பத்மாவதி போனை வாங்கி வெச்சுக்கினு உக்காந்திருப்பேன். எனக்குக் கேக்காது. எப்பவும் அவ மூஞ்சியைப் பாத்துதான் தெரிஞ்சுக்குவேன், இப்போ அதுவும் இல்ல. அதனால பேப்பரைப் பாத்து முணுமுணுக்காத. தலையைத் தூக்கி, போனுக்கு நேரா நின்னு, மெதுவா சொல்லு. உன் வாய் அசையறதைப் பாத்துக்கறேன்.

கோவர்த்தனன்